இன்றைய அழகான தப்பு

ஒரு கணக்கு டீச்சருக்குப் பகல் பன்னிரண்டுக்கும் ராத்திரி பன்னிரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் நடந்தது அதுதான். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் போனை எடுத்துப் பார்த்தாள். அன்றைய ஆண்டுத் தேர்வின் கணக்குத் தாள், கேள்வி, விடை, விளக்கம் சகிதமாக, அவளுடைய வலைப்பூவில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பரீட்சைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

யாரும் திருடவில்லை. எழுதியதும் அவள்தான், ஏற்றியதும் அவள்தான். பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது விடைகள் தயாராக இருக்கட்டும் என்று முந்தின நாள் சாயங்காலமே எழுதி, பன்னிரண்டு மணிக்கு வெளியாகும்படி நேரம் குறித்து வைத்திருந்தாள். பன்னிரண்டுக்குப் பக்கத்தில் முற்பகலா பிற்பகலா என்று கேட்கிற ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் கை தப்பான பாதியைத் தொட்டிருந்தது. அவ்வளவுதான். அவள் போனைச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள், மகராசி!

பதிவுக்குக் கீழே பார்த்தவர்கள் ஏழு பேர் என்று காட்டியது. ஒரே ஒரு பின்னூட்டம் இருந்தது. "உடனே எடுத்துடுங்க டீச்சர். நான் பாத்துட்டேன்." எழுதியவர் பெயர் நைட் ஷிப்ட்.

அவள் உடனே பதிவை அழித்தாள். பதிவோடு அந்தப் பின்னூட்டமும் போயிற்று. ஆனால் நான் பாத்துட்டேன் என்ற வார்த்தை மட்டும் மண்டைக்குள் நின்றுகொண்டது. இதற்கு என்ன அர்த்தம்? எச்சரிக்கையா, மிரட்டலா? பார்த்துவிட்டு என்ன செய்தார் இந்த மனுஷர்?

நைட் ஷிப்ட் யார் என்பது அவளுக்குத் தெரியும். வகுப்பில் எறும்பு என்று எல்லோரும் கூப்பிடுகிற பெண்ணின் அப்பா அவர். எறும்பு ஊர்கிற மாதிரிக் குட்டிக் குட்டியாக எழுதுவாள், அதனால் வந்த பெயர். அவளுக்கு அம்மா கிடையாது. அத்தை ஒருத்தி வீட்டோடு இருக்கிறாள். அப்பாவுக்குப் பாட்டில் கம்பெனியில் ராத்திரி வேலை. வெள்ளை விளக்குக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து போகும், விரிசல் விட்டதைப் பார்த்துப் பார்த்து எடுத்துப் போட வேண்டும். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர் கிளம்பிக்கொண்டிருப்பார், அவர் வரும்போது அவள் கிளம்பிக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் சேர்ந்து இருப்பது பள்ளிக்கூடம் வரை நடக்கிற அந்தக் காலை நேரம்தான்.

அந்த நடையில் அவர்கள் பேசுவது வலைப்பூவைப் பற்றி! டீச்சர் தினமும் ஒரு பதிவு போடுவாள், அதற்கு 'இன்றைய அழகான தப்பு' என்று பெயர். அன்றைக்கு வகுப்பில் யாரோ போட்ட தப்பான கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வாள். பெயர் போட மாட்டாள். அந்தப் பிள்ளை என்ன யோசித்து அந்தத் தப்பைச் செய்திருக்கும் என்று பொறுமையாகப் பிரித்து எழுதுவாள். முதலில் பிள்ளைகள் பயந்தார்கள். பிறகு, "டீச்சர், இன்னிக்காவது என் தப்பைப் போடுவீங்களா?" என்று நச்சரிக்க ஆரம்பித்தார்கள். பெற்றோர்களும் படித்தார்கள். பிள்ளையின் மண்டையில் தட்டுவதற்கு முன்னால் அதற்குள் என்ன ஓடுகிறது என்று கேட்கத் தெரிந்துகொண்டார்கள்.

எறும்பு ஒரு நாள் அரையும் அரையும் கூட்டி நாலில் இரண்டு என்று எழுதியிருந்தாள். மேலே இருந்ததை மேலேயும், கீழே இருந்ததைக் கீழேயும் கூட்டிவிட்டாள். வகுப்பே சிரித்தது. டீச்சர் அதைத்தான் போட்டாள். 'இரண்டு பந்து எறிந்து ஒன்று குறியில் பட்டது. மறுபடி இரண்டு எறிந்து ஒன்று பட்டது. மொத்தம் நாலில் இரண்டு. இது மடத்தனம் இல்லை, வேறு ஒரு கேள்விக்குச் சரியான விடை' என்று எழுதினாள். ராத்திரி இடைவேளையில் நைட் ஷிப்ட் எழுதினார்: "எனக்கும் இதே தப்புதான் வந்துச்சு டீச்சர். எங்க கம்பெனில தப்பான பாட்டிலை உடைச்சுப் போட்ருவோம். நீங்க அழகுன்னு சொல்றீங்க." அதற்கு அப்புறம்தான் வாயே திறக்காத அந்தப் பெண் வகுப்பில் கை தூக்க ஆரம்பித்தாள்.

அவள் ஏற்கெனவே ஒரு தடவை அதே வகுப்பில் தங்கிப் போனவள். இந்தத் தடவையும் கணக்கில் போனால் பள்ளிக்கூடத்திலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். இது டீச்சருக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். அப்படிப்பட்ட அப்பாவின் கையில் கேள்வித்தாள்!

டீச்சர் மாணவர் பட்டியலில் இருந்த அவர் எண்ணை அழைத்தாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி அழைத்தாள். அதே கதைதான். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பள்ளிக்கூட வாசலில் இறங்கியபோது அவளுக்குள் ஒரு குரல் நைச்சியமாகப் பேச ஆரம்பித்தது. பதிவைத்தான் எடுத்தாச்சே, யாருக்குத் தெரியப் போகுது? எறும்பு பார்த்திருந்தால்தான் என்ன, பாவம், பாஸ் பண்ணிட்டுப் போகட்டுமே. வாயைத் திறந்தால் உன் வலைப்பூ இன்றோடு காலி. அந்தக் குரல் சொன்னதில் பாதி உண்மை. வலைப்பூவுக்கு அனுமதி கொடுத்த அன்றே பெரிய மேடம் சொல்லியிருந்தார்: "ஒரே ஒரு புகார் வரட்டும், அன்னிக்கே மூடிடணும். சரியா?" பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை அவர். சொன்னால் சொன்னதுதான்.

ஆசிரியர் அறையில் அறிவியல் டீச்சர் விடைத்தாள் கட்டுகளுக்கு நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். "என்னடி, பேயறைஞ்ச மாதிரி வர்றே? பரீட்சை உனக்கா, பிள்ளைங்களுக்கா?" என்றாள்.

கணக்கு டீச்சர் எல்லாவற்றையும் கொட்டினாள். அறிவியல் டீச்சர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"கணக்கு டீச்சருக்கு மணி பார்க்கத் தெரியல. இதை வெளில சொன்னா ஊரே சிரிக்கும்." சிரிப்பில்லாமல்தான் சொன்னாள். "சரி, யாருக்குத் தெரியும்?"

"எறும்போட அப்பாவுக்குத் தெரியும். இன்னும் ஆறு பேர் யாருன்னு தெரியல."

"சும்மா இரு. யாராவது கேட்டா அப்புறம் பாத்துக்கலாம். நீயா போய்த் தலையைக் கொடுக்காதே."

டீச்சர் நாற்காலியில் உட்காரவே இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் கூட்டமாக நின்று கடைசி நேரப் படிப்பு படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சூத்திரத்தை உள்ளங்கையில் எழுதி, பயந்து எச்சில் தொட்டு அழித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூட்டத்தில் எறும்பைக் காணோம். ஒரு பிள்ளை பார்த்து, இன்னொரு பிள்ளை பார்க்காமல் எழுதுவது பரீட்சையா? தப்பு பண்ணா மறைக்காதே, எடுத்து வெளியே வை என்று வருஷம் பூராவும் எழுதிவிட்டு, தன் தப்பை மட்டும் முந்தானையில் முடிந்துகொள்வதா? அவளுக்குத் தன்மீதே எரிச்சலாக வந்தது.

"நான் மேடத்தைப் பாத்துட்டு வர்றேன்" என்று கிளம்பினாள்.

"பைத்தியமே!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "இரு, நான் ஹாலுக்குப் போய் பிள்ளைங்களை உக்கார வைக்கிறேன்."

பெரிய மேடம் அறையில் இரும்பு பீரோ திறந்திருந்தது. சீல் வைத்த கேள்வித்தாள் கட்டு மேசைமேல் இருந்தது. டீச்சர் நின்றபடியே சொன்னாள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார். கட்டை எடுத்து மறுபடி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். அந்தப் பூட்டுச் சத்தத்தில் டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எனக்குத் தெரியும்" என்றார் மேடம். "இது இப்படித்தான் ஒரு நாள் முடியும்னு எனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் திறந்து வெச்ச வீட்ல நகையை வெச்சுட்டுத் தூங்கியிருக்கீங்க."

"தப்புதான் மேடம்."

"தப்புன்னா சரியாப் போச்சா? அழகான தப்பா இது?" மேடத்தின் குரல் உயர்ந்தது. "இப்போ போய்ப் புதுக் கேள்வி எழுதுங்க. பலகைல எழுதிப் போடுங்க, பிள்ளைங்க பாத்து எழுதட்டும். பரீட்சை முடிஞ்சதும் என் முன்னாடி உக்காந்து அந்தக் கடையை மூடணும். மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

அந்த மத்தது என்ன என்று டீச்சர் கேட்கவில்லை. வேலைக்கே உலை வைக்கிற விஷயமாகத்தான் இருக்கும்.

ஹாலில் போய்ச் சுண்ணக்கட்டியை எடுத்தபோது அவள் மனசு துடைத்த பலகையாக இருந்தது. ராத்திரி பூராவும் யோசித்துத் தயாரிக்கிற தாளை நின்ற நிலையில் எழுத வேண்டும். நாலு கணக்கு எப்படியோ வந்துவிட்டது. ஐந்தாவதுக்கு ஒன்றும் தோன்றவில்லை. முன்வரிசைப் பிள்ளைகள் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டென்று எழுதினாள்: 'கீழே உள்ள கணக்கு தப்பு. இதைப் போட்டவர் என்ன நினைத்து இப்படிப் போட்டிருப்பார்? விளக்கி எழுதி, சரியாகவும் செய்து காட்டு.' பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது, "ஐ, அழகான தப்பு!" அறிவியல் டீச்சர் அதட்டினாள். பேனாக்கள் ஓட ஆரம்பித்தன.

எறும்பின் இடம் காலியாகவே இருந்தது.

வாசலில் நிழல் விழுந்தது. எறும்புதான். தலை சரியாகப் பின்னவில்லை, கண்கள் வீங்கியிருந்தன. டீச்சர் ஓடிப்போய் அவளைக் கதவுக்கு வெளியே நிறுத்தினாள். இவள் பார்த்திருப்பாளா என்ற ஒன்றுதான் அந்த நிமிஷம்கூட அவள் மனசில் ஓடியது. அதை நினைத்துப் பிற்பாடு ரொம்ப வெட்கப்பட்டாள்.

"ஏன் இவ்வளவு லேட்?"

"அப்பா வரல டீச்சர்." உதடு கோணியது. "வேலை விட்டு வீட்டுக்கே வரல. நானும் அத்தையும் தெருமுனைல நின்னு நின்னு பாத்தோம். வீட்ல வேற போன் இல்ல. அத்தைதான், பரீட்சைக்குப் போ, அப்பா வந்துருவாருன்னு தள்ளிவிட்டுச்சு. அப்பாவுக்கு ஏதாவது ஆயிருக்குமா டீச்சர்?"

அப்படியானால் மகளிடம் காட்டவில்லை. வீட்டுக்கே போகவில்லை. பின்னே எங்கே போனார்?

"அப்பா எனக்கு மெசேஜ் போட்டிருந்தார்டா" என்றாள். அது பொய் இல்லை. "ஒண்ணும் ஆயிருக்காது. அப்பாவைத் தேடிக் கண்டுபிடிக்கிறது என் பொறுப்பு, பரீட்சை எழுதறது உன் பொறுப்பு. சரியா? போ, பலகைல இருக்கு, பாத்து எழுது."

அவளை உட்கார வைத்துவிட்டு அறிவியல் டீச்சரிடம் கண்ணால் ஜாடை காட்டிவிட்டு மேடத்தின் அறைக்கு ஓடினாள். மேடம் விஷயத்தைக் கேட்டதும் திட்டுவதற்கு வைத்திருந்ததையெல்லாம் ஓரம் கட்டினார். அவரே பாட்டில் கம்பெனிக்குப் போன் போட்டார். ஷிப்ட் முடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார், முகமே சரியில்லை, யாரோடும் பேசவில்லை என்றார்கள்.

"முகம் சரியில்லையாமே" என்றார் மேடம். தூக்கக் கலக்கத்தோடு சாலையைக் கடக்கிற ஒரு மனுஷர் டீச்சரின் கண்முன் வந்து வந்து போனார். என் கைவிரல் தப்பான பாதியைத் தொட்டதால் ஒரு பெண் அப்பா இல்லாமல் நிற்கப் போகிறாளா? கடவுளே, அப்படி மட்டும் ஆகிவிடக் கூடாது! அவள் கம்பெனி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு வாசலுக்கு விரைந்தாள்.

போக வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில், விளம்பரப் பலகைக்குப் பின்னால், நீலச் சட்டையும் கம்பெனித் தொப்பியுமாக ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சாலையைக் கடந்து ஓடினாள். "சார்!"

அவர் திடுக்கிட்டு எழுந்தார். முதலில் கேட்டது இதுதான்: "பரீட்சை ஆரம்பிச்சாச்சா டீச்சர்?"

"ஆச்சு. எப்பவோ ஆச்சு."

"எறும்பு எழுத உக்காந்துட்டாளா? அவ கேட்டுக்குள்ள போறதைப் பாத்தேன். லேட்டுன்னு வெளில அனுப்பிடலையே?"

"எழுதிட்டு இருக்கா."

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "அப்போ இதை இனிமே ஆன் பண்ணலாம், இல்லையா?"

டீச்சருக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. நிம்மதியில் வந்த கோபம் அது. "என்ன சார் நீங்க! இங்க உக்காந்து அவளைப் பாத்துட்டே இருந்தீங்களா? பொண்ணு அழுதுக்கிட்டே வந்தா. அப்பாவுக்கு என்ன ஆச்சோன்னு துடிச்சுப் போயிட்டா. ஒரு நிமிஷம் வீட்டுக்குப் போய்த் தலையைக் காட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?"

"அதான் டீச்சர் முடியல." அவர் மறுபடி உட்கார்ந்தார். "ராத்திரி பிரேக்ல பாத்தேன். வழக்கமா வர்ற தப்புன்னு நெனச்சு அஞ்சு கணக்கையும் படிச்சுட்டேன். கடைசியிலதான், இன்றைய தேர்வின் விடைகள்னு இருந்துச்சு. உங்க நம்பர் என்கிட்ட இல்ல. அதுலயே எழுதினேன். போனை அணைச்சு வெச்சேன். ஆனா படிச்சதை என்ன பண்றது? பாட்டிலைப் பாக்கறேன், பாட்டில் மேல எல்லாம் உங்க கணக்குதான் ஓடுது."

"அவகிட்ட சொல்லாம இருந்திருக்கலாமே."

"நான் பெரிய யோக்கியன்னு நெனச்சுடாதீங்க டீச்சர்." அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது. "வீட்டுக்குப் போயிருந்தா சொல்லியிருப்பேன். நிச்சயமா சொல்லியிருப்பேன். கதவைத் திறந்ததும் போனுக்குக் கை நீட்டுவா. அந்த மூஞ்சியைப் பாத்துட்டு என்னால இல்லன்னு சொல்ல முடியாது. இந்தத் தடவை போச்சுன்னா அவளுக்குப் பள்ளிக்கூடமே இல்லைங்கறது எனக்குத் தெரியாதா? அதான் போகல. பரீட்சை ஆரம்பிக்கிற வரைக்கும் அவ கண்ல படக் கூடாதுன்னு இங்க வந்து உக்காந்துட்டேன். நடுவுல ரெண்டு தடவை எந்திரிச்சுட்டேன், வீட்டுக்குப் போயிரலாம்னு. இந்தப் பள்ளிக்கூடத் தெருமுனை வரைக்கும் போனேன். அப்புறம் திரும்பிட்டேன்."

"ஏன் திரும்பினீங்க?"

கேட்டது டீச்சர் இல்லை. பின்னால் பெரிய மேடம் நின்றிருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, எப்போது சாலையைக் கடந்து வந்தார் என்றே தெரியவில்லை. அப்பா எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

"மேடம், முன்னாடியெல்லாம் அவ எங்கிட்ட பேசினதே இல்ல. நான் வர்ற நேரம் அவ கிளம்புவா. இவங்க எழுதறதை வெச்சுத்தான் பேச ஆரம்பிச்சோம். அவ ஏன் தப்பா போட்டான்னு அவளே சொல்லுவா. நான் எப்படித் தப்பா போட்டேன்னு நான் சொல்லுவேன். இன்னிக்கு விடையைக் கையில கொடுத்துட்டேன்னா, நாளைக்கு என்ன பேசறது?"

மேடம் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமலே மாட்டிக்கொண்டார். "உள்ள வாங்க. தண்ணி குடிச்சுட்டு உக்காருங்க. பொண்ணு வெளில வரும்போது உங்களைத்தான் முதல்ல பாக்கணும்" என்றார்.

பரீட்சை முடிந்து வந்த எறும்பு அப்பாவைக் கண்டதும் ஓடி வந்து அவர் வயிற்றிலேயே ஒரு குத்து விட்டாள். பிறகுதான் அழுதாள். அவர் ஏன் வரவில்லை என்ற கதையை நடந்துகொண்டே சொல்வதாகச் சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

டீச்சர் மேடத்தின் அறைக்குள் போனாள். மேசைமேல் கணினி திறந்திருந்தது. மேடம் எழுதப்பட்ட தாள்களில் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது.

"இதை இப்பவே திருத்துங்க" என்றார்.

டீச்சர் திருத்தினாள். இரண்டு கணக்கு தப்பு, இரண்டு பாதி சரி. ஐந்தாவதுக்கு அந்தப் பெண் ஒரு பக்கம் பூராவும் எழுதியிருந்தாள். தப்பு போட்டவர் என்ன நினைத்தார், எங்கே வழி மாறினார், ஏன் அது மடத்தனம் இல்லை என்று எல்லாம் இருந்தது. கூட்டிப் பார்த்தாள். தட்டுத்தடுமாறிப் பாஸ். பாஸ்! டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. மேடம் அதைப் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டீச்சர் கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். "மூடிடறேன் மேடம்" என்றாள். சொன்ன வார்த்தைதான், ஆனால் கை நகரவில்லை.

"இன்னிக்கு என்ன போடறதா இருந்தீங்க?" என்றார் மேடம், ஜன்னலைப் பார்த்தபடியே.

"என்னோட தப்பைத்தான் மேடம். நான்தான் பண்ணேன்னு பேரோட போட்டுட்டு மூடலாம்னு."

"பேரு எதுக்கு?" மேடம் திரும்பினார். "தப்பு பண்ணவங்க பேரைப் போடறதில்லைங்கறதுதானே உங்க வழக்கம். அரையும் அரையும் நாலுல ரெண்டுன்னு போட்டவ பேரைப் போட்டீங்களா? அன்னிலேர்ந்து நானும்தான் படிக்கிறேன்." சொல்லிவிட்டுச் சாவிக்கொத்தை எடுத்தார். "முன்கூட்டியே நேரம் குறிச்சு வைக்கிற வேலை மட்டும் இனிமே கூடாது. எழுதறதை நான் பாத்த அப்புறம்தான் போடணும். இப்போ எழுதும்மா, நான் இங்கதான் இருக்கேன்."

டீச்சர் எழுதினாள். பன்னிரண்டு மணியில் எப்படி வழி தவறலாம் என்பதைப் படிப்படியாக எழுதினாள். அந்தத் தப்பினால் ஒரு வீட்டில் ஒரு காலை நேரம் என்ன பாடு பட்டது என்பதையும், யார் என்று சொல்லாமல், எழுதினாள். மேடம் படித்து ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றாமல் தலையாட்டினார்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் இந்தத் தடவை இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடியே போனைத் திறந்தாள். ஒரு பின்னூட்டம் வந்திருந்தது. நைட் ஷிப்ட் என்ற பெயரில்தான் இருந்தது, ஆனால் எழுதியது அவர் இல்லை.

"எனக்கும் இதே தப்புதான் வந்திருக்கும் டீச்சர். அப்பா தூங்கறாங்க. எழுப்ப வேணாம்னு நானே எழுதறேன். இப்படிக்கு எறும்பு."